பின்கதவில் கட்டிய எலாஸ்டிக்

உங்களில் பலரும் என்னைப் போல நாற்பதைத் தொடும் தூரத்தில் இருப்பீர்கள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கும். உங்களுக்கும் ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும், பிள்ளைகள் கேலி செய்கிற மாதிரி. எனக்குக் கதவு. எந்தக் காரில் ஏறினாலும் வண்டி நகர்வதற்கு முன் பின்கதவை உள்ளிருந்து ஒருமுறை திறந்து மூடுவேன். புது வீடுகளுக்குப் போனால் குளியலறைத் தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்ப்பேன். பதின்மூன்று வயது மகள் இதைத் தன் தோழிகளிடம் நடித்தே காட்டுகிறாள். ஏன் இப்படி என்று அவள் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றியிருக்கிறேன். போன மாதத்திலிருந்து மாற்ற முடியவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடை. இரண்டாயிரங்கள் தொடங்கியிருந்த காலம். அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு எலாஸ்டிக் யூனிட் இருந்தது. ஜட்டி, டிராயர்களின் இடுப்புக்குப் போகும் பட்டைகளை அங்கே நெய்தார்கள். ஒரே தகரக் கூரையின் கீழே முன்பக்கம் தறிகள், பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு. தறிச் சத்தத்திலேயே தூங்குவோம். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம்.

அப்பா குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்த ஜீப். அரசாங்க ஏலத்தில் எடுத்தது. ஒருகாலத்தில் கருவூலத்துக்குப் பணப்பெட்டி ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி என்றார்கள். அதனால் பின்பகுதி தனி அறை போல இருக்கும். எதிரெதிரே இரண்டு நீளப் பலகை. ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் இரும்புக் கம்பித் தடுப்பு. பக்கவாட்டில் திறக்க முடியாத சின்னக் கண்ணாடிகள், அவற்றின் மேல் வலை. பின்கதவுக்குக் கைப்பிடி வெளியே மட்டும்தான். உள்ளே வெறும் தகடு.

அப்பாவுக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்தது கியருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு குட்டிக் கம்பிகள். அவற்றைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒருவர் இறங்கிப்போய் முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் மூடியைத் திருகிவிட வேண்டும். அந்த வேலை மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, எங்கள் யூனிட்டிலேயே சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டதும் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் போய்விடுவார்கள். வெளியே நாலு கால்கள் மட்டும் தெரியும். கிரீஸ் வாசனை, வண்டியின் வில்பட்டைகளுக்குத் தடவும் கரி ஆயில் வாசனை, கை துடைக்கும் பனியன் வேஸ்டில் இருக்கும் சாயப்பட்டறை வாசனை. இந்த மூன்றும் சேர்ந்த வாசனைதான் என் ஞாயிற்றுக்கிழமை. உதிரிப் பாகத்துக்காகக் கோயமுத்தூர் உக்கடத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்தார் அப்பா.

"ஞாயித்துக்கெழமை ஆனா என்ர பொழப்பு அந்தத் தகர டப்பாவுக்கு அடியில கெடக்குது" என்பாள் அம்மா. யாரிடமும் இல்லை, அடுப்பிடம்.

எங்கள் வீட்டில் கயிறே கிடையாது. எதைக் கட்டுவதானாலும் எலாஸ்டிக்தான். ரிஜெக்ட் ஆன ரோல்கள் மூலையில் குவிந்து கிடக்கும். துணி காயப்போடும் கொடி, புத்தகக் கட்டு, தம்பியின் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் அதுதான். ஜீப்பிலும் அப்படியே. பானெட் ஆடாமல் இருக்க எலாஸ்டிக், சீட்டின் அடியில் அறுந்துபோன ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்கும் எலாஸ்டிக்.

"மச்சான், இந்த வண்டியில எலாஸ்டிக் இல்லாத எடம் எஞ்சின் ஒண்ணுதானுங்க" என்றார் மாமா.

"அதுக்கும் அளவு எடுத்துட்டுத்தான் இருக்கறன் மாப்ள."

அந்தக் கோடையில்தான் அப்பா என்னையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு மணலிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். எங்களைப் பின்னால் போட்டால் வண்டிக்குப் பாரம், மணலில் சக்கரம் பிடிக்கும் என்று ஒரு காரணம் சொன்னார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் தகரம் கொதிக்கும். கம்பித் தடுப்பு வழியாக அப்பாவின் பிடரியும் மாமாவின் பிடரியும் தெரியும். வேறு எதுவும் தெரியாது. நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஐந்து வயதுத் தம்பியைத் தனியாக அனுப்ப முடியாது என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டாள்.

பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது என்பது அப்பாவுக்கும் உறுத்தியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவின் உள்தகட்டில் ஓட்டை போட்டு, உள்ளே இருந்த தாழ்ப்பாள் கம்பியில் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, ஓட்டை வழியாக எங்கள் பக்கம் தொங்கவிட்டார். இரண்டு விரல் அகலம், வெள்ளையில் நீலக் கோடு. கம்பியோ சங்கிலியோ கட்டினால் பிள்ளைகளின் கையை அறுத்துவிடும் என்று மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இப்போது யோசித்தால், அப்பா எங்களுக்காகச் செய்ததிலேயே மிகவும் அக்கறையாகச் செய்தது அதுதான்.

கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"இழுத்துப் பாரு கண்ணு. தொறக்குதான்னு சொல்லு."

உள்ளே இருட்டு. புதிதாக அடித்த பெயின்ட் வாடை தலையைச் சுற்றியது. வீட்டில் அப்போது டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெளியே வந்தால் போதும். பட்டையைத் தொடக்கூட இல்லை. "தொறக்குதுங்ப்பா" என்று கத்தினேன். அப்பா அந்த நேரத்திலேயே வெளியிலிருந்து கைப்பிடியைத் திருப்பினார். கதவு திறந்தது. நான் இழுத்ததில்தான் தாழ் விலகியது என்று அவர் நினைத்தார். என் தலையைத் தட்டிக்கொடுத்தார். தலையில் கிரீஸ் ஒட்டியது.

இரண்டு வாரம் கழித்து நொய்யலுக்குப் போனோம்.

அந்த வருடங்களில் நம் ஆறு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறைகளில் எந்த நிறத்துக்கு ஆர்டர் அதிகமோ அந்த நிறத்தில் ஓடும். அன்றைக்கு மெரூன். தரைப்பாலத்தில் போயிருக்கலாம். அப்பா பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் இறக்கினார். மாமா இறங்கிச் சக்கர மூடிகளைத் திருகிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியபடியே வந்து ஏறினார். பாதி ஆறுவரை வண்டி நன்றாகத்தான் போனது. மேலே காய்ந்த ஓடு போலத் தெரிந்த இடம், அடியில் சாயக்கழிவு படிந்த சேறு. முன்பக்கம் அப்படியே உட்கார்ந்தது. அப்பா முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. ஃபேன் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடித்து, எஞ்சினும் நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி பனியன் வேஸ்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். செல்ப் மட்டும் இருமியது.

பிறகு இரண்டு பேருக்கும் வாக்குவாதம். வடகரைத் தோட்டத்தில் டிராக்டர் இருக்கிறது என்றார் அப்பா. தென்கரையில்தான் என்றார் மாமா. மாமா கோபித்துக்கொண்டு தென்கரைக்கு நடந்தார். அப்பா பின்பக்கம் வந்தார். சாயத் தண்ணீர் பட்டால் தம்பிக்கு உடம்பெல்லாம் தடிக்கும். கால் வைக்கக்கூடாது, இப்படியே உட்கார்ந்திருங்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்றார். கதவைச் சாத்தி, சரியாக விழுந்ததா என்று ஒருமுறை அசைத்தும் பார்த்தார். அவர் தண்ணீரில் அளைந்து போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் தம்பிக்கு விடுகதை போட்டேன். அவன் எல்லாவற்றுக்கும் ஒரே விடையைச் சொன்னான், பலாப்பழம். மேற்கே, சோமனூர்ப் பக்கம், வானம் கறுத்திருந்ததைச் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். அங்கே மழை பெய்தால் இங்கே என்ன ஆகும் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. மழை வந்தால் சாயப்பட்டறைகள் கழிவுத் தொட்டியை ஆற்றில் திறந்துவிடும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் டிராக்டர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தம்பியின் செருப்பு நகர்ந்தது. தரையில் இருந்த துரு ஓட்டைகளை அப்பா தகரம் வைத்து ஒட்டியிருந்தார்; அந்த ஒட்டுகளின் ஓரத்தில் மெரூன் தண்ணீர் குமிழிட்டு வந்தது. தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவன் செருப்பு மிதந்தது. நான் எழுந்துபோய் நீலக் கோட்டுப் பட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அது வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நகர்ந்தேன். கம்பித் தடுப்பு முதுகில் முட்டியது. பட்டை அறையின் நீளத்துக்கு நீண்டு நின்றது. கதவு அப்படியே இருந்தது. விட்டேன், சுருங்கிப்போய்த் தகட்டில் பட்டென்று அடித்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் நெருக்கிப் பிடித்தேன். அங்கே கிரீஸ், வழுக்கியது. விரலை உள்ளே விட்டுக் கம்பியைத் தொடலாம் என்றால் ஓட்டைக்குள் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். தம்பியும் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவன் இன்னும் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தான். தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டபோது நிறுத்தினான்.

"அக்கா, அப்பா தொறக்கும்னு சொன்னாருல்ல?"

நான் மறுபடியும் இழுத்தேன். பட்டைக்குள் இருந்த ரப்பர் நூல்கள் ஒவ்வொன்றாக அறுவது கைக்குத் தெரிந்தது. அறுந்த பிறகு அது வெறும் துணி நாடா. அதுவும் கையோடு வந்துவிட்டது.

தம்பியைப் பலகை மேல் ஏற்றி நிற்கவைத்தேன். கம்பித் தடுப்புக்கு வாயை வைத்துக் கத்தினோம். ஆற்றில் நுரை பொங்கி வண்டியின் கண்ணாடியை மூடியது. வெளியே வெள்ளை, உள்ளே மெரூன். தண்ணீர் பலகையைத் தொட்டது. தம்பி கத்துவதை நிறுத்திவிட்டு என் சட்டையைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மூத்திரம் போய்விட்டது. தண்ணீர் தண்ணீர்தானே, யாருக்கும் தெரியாது என்று அவன் காதில் சொன்னேன். பிறகு எனக்கும் குரல் இல்லை. இரண்டு பேரும் பலகை மேல் குனிந்து நின்று, கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவைத் திறந்தது கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. இடுப்பளவுத் தண்ணீரில், சேலையைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் கருப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை.

"ஏஞ்சாமி, தண்ணி இவ்வளவு ஏறுது, எறங்கி வராம உள்ளாரயே நின்னுட்டிருக்கறீங்க?" என்றாள்.

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நடந்தேன். மற்றொரு கையில் அறுந்த பட்டையைச் சுருட்டி வைத்திருந்தேன். கரையேறும்போது அதைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். நுரையோடு போனது.

அப்பா டிராக்டரோடு வந்து சேர்ந்தபோது நாங்கள் வேப்பமரத்தடியில் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். டிராக்டர் நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தார். எங்கள் கை காலையெல்லாம் தடவிப் பார்த்தார். அந்த அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: புள்ளைங்க சத்தம் காட்டாமல், அசையாமல் நின்றிருந்தன, இறங்கச் சொன்ன பிறகுதான் இறங்கின. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. பெருமை.

"சொன்ன சொல்லத் தட்டாது என்ர புள்ள" என்றார்.

நான் வாயைத் திறந்தால் இரண்டு விஷயம் வெளியே வரும். பட்டை திறக்கவில்லை என்பது ஒன்று. நான் இழுத்துப் பார்க்காமலே பொய் சொன்னேன் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் சொல்ல வழி தெரியவில்லை.

எங்கள் கால்களில் மெரூன் நிறம் ஒரு வாரம் போகவில்லை. அம்மா தயிர், சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். நான் பேசாமல் இருப்பதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, சிவன்மலைக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டுவந்தாள். மாமாவோடு அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா கோபம் ஆறித் திரும்பிவந்து எங்களோடு இருந்திருப்பார் என்று அப்பா நினைத்தாராம். அப்பா இருந்திருப்பார் என்று மாமா நினைத்தாராம். வீட்டில் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கதவைப் பற்றி யாரும் பேசவில்லை.

வண்டியை இழுத்துவந்து நிறுத்திய மறுநாள், யாரும் கழுவத் தொடங்குவதற்கு முன், ரிஜெக்ட் ரோலிலிருந்து அதே நீலக் கோட்டுப் பட்டையில் ஒரு கெஜம் வெட்டி எடுத்துப்போனேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மாமாவின் குறடால் உள்தகட்டைக் கழற்றி, தாழ்ப்பாள் கம்பியில் முடிச்சுப் போட்டு மறுபடியும் மாட்டினேன். அப்பா போட்டது போலவே இருந்தது. இதுதான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஜீப் எங்கள் வீட்டில் நின்றது. அத்தை பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறினார்கள். நான் மட்டும் ஏறவில்லை. பிறகு மூலனூர்ப் பக்கத்தில் ஒரு முருங்கை விவசாயி வந்து விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அவரோடு ஏழெட்டு வயதில் இரண்டு பிள்ளைகள், ஒரு பையனும் அவன் தங்கையும், வந்திருந்தன. ஏறும்போது அப்பா அந்தப் பட்டையைக் காட்டி, உள்ளிருந்தே திறக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கல்யாண வீடுகளில் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். ஆறு பொங்குகிறது, பிள்ளை அசையவில்லை. என் மாமனார் வீட்டாரிடமும் சொன்னார். பெண்ணின் குணத்துக்கு அத்தாட்சியாக. தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஏழாம் மாடியில் வீடு. லிஃப்டில் ஏறமாட்டான். உடம்புக்கு நல்லது என்று சொல்கிறான். எதனால் என்று நானும் கேட்டதில்லை.

போன மாதம் அப்பா மீண்டும் ஒரு பழைய ஜீப் வாங்கிவிட்டார். யூனிட்டை விட்டுப் பல வருடம் ஆகிறது, அம்மாவும் இல்லை. அவரைப் போல நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் பழைய வண்டிகளைச் சரிசெய்து, எங்காவது சேற்றில் விட்டு எடுப்பதும் இழுப்பதுமாக இருக்கிறார்கள். என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். மகள் ஓடிப்போய்ப் பின்னால் ஏறினாள். பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை. தகட்டில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை தொங்கியது.

அவர் ஏன் அதைக் கட்டமாட்டார்? அவருக்குத் தெரிந்தவரை அது நன்றாகத் திறந்தது. நான்தான் சொன்னேன்.

மகளைக் கீழே இறங்கச் சொன்னேன். என் குரலைக் கேட்டு எதிர்க் கேள்வி கேட்காமல் இறங்கினாள். அப்பாவை உள்ளே வரச் சொன்னேன். எதுக்கு கண்ணு என்றபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மகளிடம் கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த மாதிரி இருட்டுக்குள் உட்கார்ந்தேன். என் மூச்சு எனக்கே கேட்டது.

"இழுங்கப்பா" என்றேன்.

சிரித்துக்கொண்டே இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். நெஞ்சுவரை வந்தது. சிரிப்பு நின்றது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். என்னால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனித்துக்கொண்டேன்.

"தொறக்கட்டுமாம்மா?" என்றாள் மகள் வெளியிலிருந்து.

"இரு" என்றேன்.

அப்பா பட்டையை விடவில்லை. நீட்டிப் பிடித்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு நீ இழுத்தியா கண்ணு?"

"ரெண்டு பேரும் இழுத்தோமுங்ப்பா. அறுந்துபோச்சு."

மற்றதையும் சொன்னேன். இழுத்துப் பார்க்காமல் சொன்ன பொய்யையும், நான் கட்டிய புதுப் பட்டையையும், மூலனூருக்குப் போன அந்த இரண்டு பிள்ளைகளையும். அவர் என்னைத் திட்டவில்லை. தம்பியைப் பற்றி ஒன்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டார். கதவை இரண்டு தடவை தட்டினார். மகள் திறந்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் மூலனூருக்குப் போனோம், என் காரில். மாமாவிடம் கேட்டதில் அந்தப் பக்கத்துக் கிராமத்தின் பெயர் மட்டும் கிடைத்தது. முருங்கைச் சந்தையில் விசாரித்து விசாரித்துத் தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். விவசாயி காலமாகியிருந்தார். அவர் மகன் வந்தார், முப்பது வயதுக்கு மேல். அன்றைக்கு வந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர். தங்கை சௌக்கியமா என்றுதான் முதலில் கேட்டேன். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, இரண்டு குழந்தைகள் என்று, எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமலே சொன்னார்.

ஜீப் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம். பின்கதவு மட்டும் இருக்கிறது என்று ஆட்டுப்பட்டிக்குக் கூட்டிப்போனார். பட்டிக்கு அதுதான் கதவு. அதே தகடு, அதே ஓட்டை. ஓட்டையில் பட்டை இல்லை. சைக்கிள் டியூப் சுற்றிய ஒரு கம்பி வளையம் இருந்தது. அப்பா அதை விரலால் இழுத்தார். டக்கென்று திறந்தது. சாத்தினார், மறுபடியும் இழுத்தார். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

இதில் ஒரு எலாஸ்டிக் இருந்திருக்குமே என்றார் அப்பா.

"இருந்துச்சுங்க. ஊட்டுக்கு வந்த அன்னைக்கே எங்கப்பா உள்ள ஏறி உக்காந்து இழுத்துப் பாத்தாருங்க. இழுத்தா இழுபடுதே ஒழிய தொறக்க மாட்டீங்குதேன்னு அறுத்துப் போட்டுட்டு இந்தக் கம்பிய வெச்சாருங்க. அப்பறமாத்தான் எங்கள ஏறவே உட்டாரு."

மோர் குடிக்கச் சொன்னார். குடித்தோம். அப்பா அந்த விவசாயியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டு, கூடத்துக்குள் போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, என் வாசலில் நின்ற தன் ஜீப்பிடம் போனார். கீலின் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்கதவை மொத்தமாகவே எடுத்து என் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கதவு இல்லாத ஜீப்பில் புழுதியெல்லாம் உள்ளே வருகிறது என்று மகள் முறையிடுகிறாள். வரட்டும் என்கிறார் அவள் தாத்தா.